வெறும் அறையின் சத்தம்

கடையிலேயே மட்டமான மைக் மிக்ஸர் எது என்று கோகிலவாணிக்குத் தெரிந்தாக வேண்டும். நல்லது எது என்று சொல்லக் கடைக்காரர் இருக்கிறார், மட்டமானது எது என்று எந்த வாயால் கேட்பது. கண்ணாடி மேசைமேல் ரபீக் பாய் இரண்டைத் தூக்கி வைத்திருந்தார். இரண்டும் சாப்பாட்டு டப்பா அகலம்தான். ஒன்றில் திருகுகள் கலர் கலராக இருந்தன, இன்னொன்றில் எல்லாமே சாம்பல் நிறம். அவள் கணவர் நந்தகோபால் குனிந்து ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அவ்வளவு மென்மையாக. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் அப்படித் தொட்டுப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. "வீட்ல சின்ன ரூமு, ஒரே ஒரு மைக்கு, விலையும் கையக் கடிக்கக் கூடாதுன்னா இந்த ரெண்டுதான் சார்," என்றார் பாய். "இந்தக் கலர் திருகு வெச்சதுல ப்ளூடூத், எக்கோ எல்லாம் இருக்குது. ஆனா உள்ளுக்குள்ள கொஞ்சம் இரைச்சல் வரும். சாம்பல் கலர்ல ஒண்ணுமே கிடையாது, ஆனா சுத்தம். எறும்பு நடந்தாக் கேக்கும்." எறும்பே கேட்கும் என்றால் ஒரு பொம்பளை அடுப்படியில் நின்று போனில் பேசியது கேட்காதா. கலர் திருகு, கலர் திருகு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இரைச்சல் வரட்டும், ஆற்றில் தண்ணீர் வருவதுபோல வரட்டும், எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகட்டும்.

நந்தகோபாலின் சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ் இருந்தது. சிவப்பு மூடி போட்டது. அதன் நுனி துணிக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அதற்குள் தான் இருக்கிறோமா இல்லையா என்பதுதான் காலையிலிருந்து கோகிலவாணிக்குத் தெரியாத ஒரே விஷயம். மற்றதெல்லாம் தெரியும். மெட்ராஸில் ஒலிப்புத்தகம் போடும் கம்பெனிக்காரர்கள் நந்தகோபால் படித்து அனுப்பிய சரித்திர நாவலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், குரல் அருமை, ஆனால் இடைவெளிகளில் ஏதோ முணுமுணுப்பு கேட்கிறது, சரிசெய்து அனுப்புங்கள் என்று. ஜவுளிக்கடையில் அவர் ஆடித் தள்ளுபடி அறிவித்த காலத்திலிருந்து அந்தக் குரலில் ஒரு குறையை எவரும் சொன்னதில்லை. அவர் பழைய மிக்ஸரைத் திட்டினார். ஆர்க்கெஸ்ட்ரா நண்பரிடமிருந்து வாங்கியது, திருகைத் தொட்டாலே கரகரவென்று அழும். அதில் ஏதோ ரேடியோ ஸ்டேஷன் வந்து விழுகிறது என்றார். கோகிலவாணியும் ஆமாங்க, ரேடியோவாத்தான் இருக்கும் என்றாள். அவர் சொன்ன அடுத்த வார்த்தையில்தான் அவளுக்கு உயிர் போனது. "ஞாயித்துக்கிழமை நான் பால்கனில நின்னேன் இல்ல, அப்ப எடுத்த வெறும் சத்தத்தத்தான் புஸ்தகம் பூராப் போட்டேன்."

வெறும் சத்தம் என்பது அந்த வீட்டில் ஒரு பூஜை மாதிரி. அறை வெறுமனே இருக்கும்போதும் அதற்கென்று ஒரு சத்தம் உண்டாம். அதைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டு, படிக்கும்போது மூச்சு வாங்கிய இடங்களையும் எச்சில் விழுங்கிய இடங்களையும் வெட்டி எறிந்துவிட்டு, அந்தப் பள்ளங்களை இதைக் கொண்டு நிரப்புவார், சுவரில் பட்டி பார்ப்பதுபோல. ஒலிப்பதிவு செய்கிற மற்ற எல்லோரும் அந்த நேரத்தில் அறைக்குள்ளேயே அசையாமல் உட்கார்ந்திருப்பார்களாம். நந்தகோபால் அப்படியில்லை, தன் மூச்சுகூட அதில் விழக்கூடாது என்று மைக்கை ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, பால்கனியில் போய் நின்று மிளகு போட்ட வெந்நீரைக் குடித்துக்கொண்டிருப்பார். வழக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் போவார். ஞாயிற்றுக்கிழமை சொல்லவில்லை. சொன்னாரோ, அவளுக்குத்தான் விழவில்லையோ. டம்ளரும் கையுமாக அவர் நிற்பதைப் பார்த்து, படிப்பு முடிந்தது, ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அடுப்படியில் அந்த அறையின் சுவரோரமாக நின்று, உடுமலையில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். அக்கா, இனி முடியாதுக்கா. பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிக்கிட்டு அப்படியே பஸ் ஏறி வந்தர்றேன். அவருக்குத் தெரியாது. வந்தர்றேன்க்கா. அக்கா அந்தப் பக்கம் சிரித்தாள், இதைத்தான் நீ போன பொங்கலுக்கும் சொன்னே என்று. அது நிஜம்தான். வந்தர்றேன் வந்தர்றேன் என்று சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தாள். சொல்லிவிட்டாலே பாதி தூரம் போய்விட்டதுபோல ஒரு நிம்மதி வரும், மீதி பாதிக்கு மறுபடி அடுத்த போன். இப்போது அந்த வந்தர்றேன், ராஜா குதிரையிலிருந்து இறங்கும் இடத்திலும், கோட்டைக் கதவு திறக்கும் இடத்திலும், ராணி கண்ணீர் விடும் இடத்திலும் துண்டு துண்டாக ஒட்டப்பட்டு, ஊரெல்லாம் கேட்கப் போகிறது. அதுவல்ல பயம். ஊர் கேட்டால் கேட்கட்டும். அவர் ஒருத்தர் கேட்டால் போதும், பிறகு போனும் இருக்காது, பஸ்ஸும் இருக்காது, உடுமலை என்று ஒரு ஊரே இருக்காது.

"நீ இங்க வா," என்றார் நந்தகோபால். அவளை எதற்குக் கூட்டிவந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "மைக் முன்னாடி பேசு. நான் ஹெட்போன்ல கேக்கறேன். என் குரல நானே கேட்டா மிக்ஸரோட லட்சணம் தெரியாது." பாய் மைக்கை நீட்டினார். என்னுங்க பேசறது என்றாள். ஏதாவது என்றார். ஏதாவது என்றால் எதை. அந்த வீட்டில் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது, அவர் படிக்கும்போது பேசக்கூடாது, படித்து முடித்த பிறகு அவருடைய காது ஓய்ந்திருக்கும், அப்போதும் பேசக்கூடாது, மிச்சம் கிடைக்கும் இடத்தில் பேசிக்கொள்ளலாம். குக்கர் விசில் போடக்கூடாது என்று சோற்றை வடித்தாள். மிக்ஸியை விடிவதற்குள் ஓட்டி முடித்தாள். கொலுசைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்தாள். அக்கம் பக்கத்தில் எல்லோரும் நந்தகோபால் சார் தங்கமான மனுஷன், குரலே உயராது என்றார்கள். உயராதுதான். குரல் அவருக்குச் சோறு போடுகிறது, அதைக் கோபத்துக்குச் செலவழிக்க மாட்டார். கோபமெல்லாம் விரலுக்குப் போய்விடும். ரவிக்கைக் கைக்குள்ளே, மேல் கையின் உட்புறம், சதையைப் பிடித்து மெதுவாகத் திருகுவார், சத்தத்தைக் கூட்டும் கெயின் திருகைத் திருகுவதுபோல, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அவளும் கத்த மாட்டாள். மைக் ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற பயம். "பேசு," என்றார் மறுபடி. "ஒண்ணு. ரெண்டு. மூணு," என்றாள் கோகிலவாணி. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவர் புருவம் கொஞ்சம் சுருங்கியது. ஐயோ, கண்டுபிடித்துவிட்டார், குரலை வைத்துக் குரலைக் கண்டுபிடிக்கிறார், இப்போது என் குரல் காதில் பதிந்துவிட்டது, இனி பென்டிரைவில் ஒரு எழுத்து வந்தாலும் போதும். வேறு மாதிரி பேச நினைத்தாள், தடித்த குரலில், வேறு ஊர்க்காரிபோல. நாலு, அஞ்சு வந்தது தொண்டையைக் கிழித்துக்கொண்டு. பாய் சிரித்தார். "மேடத்துக்குக் கூச்சமாட்ட இருக்குது."

பிறகு அது வெளியே வந்தது. நந்தகோபால் சட்டைப் பையிலிருந்து சிவப்பு மூடியை எடுத்தார். "பாய், இந்த முணுமுணுப்பக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. எர்த் பிரச்சனையா, ரேடியோவா. அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எது எடுக்கறதுன்னு பாக்கணும்." பாய் அதைக் கம்ப்யூட்டரில் செருகினார், ஒயரை முதலில் கலர் திருகுப் பெட்டிக்குக் கொடுத்தார். கடையின் பெரிய ஸ்பீக்கரில் நந்தகோபால் பேசினார், மன்னர் அரண்மனை முற்றத்தில் இறங்கினார் என்று. தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவு அழகான குரல். அதற்கடுத்த இடைவெளி வந்தது. கோகிலவாணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சர்ர்ர் என்ற இரைச்சல், வாணலியில் தண்ணீர் தெளித்ததுபோல. அடியில் என்னவோ அசைந்தது, ஆனால் என்னவென்று தெரியவில்லை. மறுபடி ஓட்டினார். மறுபடி சர்ர்ர். அவளுக்கு அந்தப் பெட்டியைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. "ஏனுங்க, இதே நல்லாத்தானே இருக்குது," என்றாள். தன் வாயிலிருந்து வந்ததுதானா என்று அவளுக்கே ஆச்சரியம். "எக்கோகூட இருக்குதுங்களாமா. நமக்கு எதுக்குங்க எறும்பு நடக்கற சத்தமெல்லாம். இது போதுமுங்க." நந்தகோபால் திரும்பி அவளைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஒயரின் பெயர்கூடக் கேட்காதவள் எக்கோவைப் பற்றிப் பேசுகிறாள். அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டது. கோகிலவாணி இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தால் சந்தேகம் வரும், இரண்டு வார்த்தை குறைத்தாலும் வரும் என்று அப்படியே நின்றாள். வீட்டுக் கணக்குப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, உதட்டோரம் சிரித்தார். "பாத்தீங்களா பாய், சிக்கனம்." பாய்க்கு அது பொறுக்கவில்லை. நல்ல சரக்கை வைத்துக்கொண்டு மட்டத்தை விற்க மனசு வராத மனுஷன். "இருங்க மேடம், ஒரு நிமிஷம், இதுலயும் கேட்டுருங்க," என்று ஒயரைப் பிடுங்கிச் சாம்பல் பெட்டிக்கு மாற்றினார்.

இரைச்சல் இல்லை. இரைச்சல் இல்லாதது இத்தனை பயங்கரமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. ஸ்பீக்கரில் வீடு வந்து நின்றது. அவளுடைய வீடுதான், அந்த இரண்டாவது படுக்கையறை, பாப்பாவின் கட்டிலைத் தூக்கி ஹாலில் போட்டுவிட்டு, சுவர் முழுக்கப் பழைய கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்ட அறை. அந்தக் கம்பளித் தூசியில்தான் தன்யஸ்ரீக்கு ஐப்பசியிலிருந்து இருமல். வீட்டில் பழைய கம்பளி, மெத்தை ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டபோது நந்தகோபால் முகத்தைப் பார்த்துக்கொண்டே இல்லீங்க டாக்டர் என்றாள் கோகிலவாணி. இல்லை என்றால் இல்லாமல் போய்விடுமா. ஒரு அத்தியாயத்தின் நடுவில் பாப்பா இருமியதற்காக அவளை வெளியே மாடிப்படியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார், அந்த அத்தியாயம் முடியும் வரைக்கும், மழைச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது, ஆறு வயசுப் பிள்ளை. அதற்குப் பிறகு கோகிலவாணி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாள். இருமல் வந்தால் விழுங்கிவிட வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு, வாயில் கையைப் பொத்தி, கொஞ்ச நேரம் கண்ணு, முழுங்கிக்க, கொஞ்ச நேரம். பிள்ளையின் மார்பு கைக்கடியில் பட்டுப் புழுவாட்டம் துடிக்கும், கண்ணில் தண்ணீர் தளும்பும், ஆனால் சத்தம் வராது. நல்ல பிள்ளை. அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாய் கெயினைத் திருகினார், அரை வட்டம், இன்னும் கொஞ்சம். ஏதோ இருக்குது சார் என்றார். இருக்கிறது, இப்போது வரும், அக்கா என்று வரும், முதல் சொல் அக்கா, அக்காவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும், இனி முடியாதுக்கா என்பது வரை போகவே வேண்டாம். ஓடிவிடலாமா. ஒயரைக் காலால் இழுத்துவிடலாமா. மயக்கம் போட்டு விழலாமா, விழுந்தாலும் ஸ்பீக்கர் நிற்காதே. மேல் கையின் உட்புறம் தானாகவே வலித்தது, யாரும் தொடாமலே. பாய் இன்னும் ஒரு இழை திருகினார்.

முதலில் ஒரு விழுங்கல். தண்ணீர் இல்லாமல் மாத்திரை விழுங்குவது போன்ற சத்தம். பிறகு ஒரு மூச்சு, உள்ளே இழுத்து, பாதியில் நிறுத்தி. பிறகு ஒரு குரல், குரல்கூட இல்லை, உதடு மட்டும் பேசியது. "கொஞ்ச நேரம் கண்ணு. முழுங்கிக்க. கொஞ்ச நேரம்." கோகிலவாணி ஒரு கணம் தன் குரல் என்றே நினைத்தாள். சொல் அவளுடையது, இழுப்பு அவளுடையது. ஆனால் அந்தக் குரல் மிகவும் சின்னது. ஞாயிற்றுக்கிழமை பாப்பா எங்கே இருந்தாள் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஹாலில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள். கம்பளி சத்தத்தைக் குடித்துவிடும் என்று அப்பா யாரிடமோ பெருமையாகச் சொன்னதைக் கேட்ட பிள்ளை, இருமல் வந்ததும் வீட்டிலேயே பத்திரமான இடம் எது என்று தேடி, அந்த அறைக்கே போய், கம்பளிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து நின்றிருக்கிறாள். மைக் ஓடுவது அவளுக்கு எப்படித் தெரியும். அத்தனை தூசிக்குள் நின்றுகொண்டு, மடியும் இல்லாமல், பொத்துவதற்கு அம்மா கையும் இல்லாமல், தானே அம்மாவாகித் தனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாய் அடுத்த இடைவெளிக்குப் போனார். கோட்டைக் கதவு திறந்தது. கொஞ்ச நேரம் கண்ணு. அதற்கடுத்ததற்குப் போனார். சேனை புறப்பட்டது. முழுங்கிக்க. புத்தகம் முழுக்க, எங்கெல்லாம் அவர் மூச்சு வாங்கினாரோ அங்கெல்லாம் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"கொழந்த சத்தந்தானே சார்," என்றார் பாய். சிரிக்க நினைத்தார், சிரிப்பு சரியாக வரவில்லை. கையைத் திருகிலிருந்து எடுத்துவிட்டார். நந்தகோபால் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. அந்த அழகான குரலில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும்படி சொன்னார். "அப்ப சத்தம் மிக்ஸர்ல இல்ல பாய். வீட்ல இருக்கு." அவர் விரல்கள் மேசைமேல் இருந்த சாம்பல் திருகு ஒன்றை மெதுவாகத் திருகின, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். கோகிலவாணி அந்த விரல்களையே பார்த்தாள். இத்தனை நாள் அவை தன்னோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். தன் கை இருக்கும்வரை பிள்ளையின் கை தப்பிக்கும் என்று ஒரு கணக்கு. "பாப்பாவ நான் வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கறேன்," என்றார் அவர், அவளைப் பார்த்து, தலையைச் சாய்த்து. "ஞாயித்துக்கிழமை எடுத்தது முழுசும் லேப்டாப்புல இருக்கு. இந்தப் பெட்டில போட்டு முதல்லருந்து கேக்கணும். இன்னும் என்னென்ன விழுந்திருக்கோ." பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் அப்படியே இருந்தது, ஆனால் காலையிலிருந்து தன்னைச் சுற்றியே வட்டமடித்துக்கொண்டிருந்தது இப்போது பள்ளிக்கூட வாசல் பக்கம் திரும்பியிருந்தது. அவர் வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம், பில் போட எவ்வளவு நேரம், பாய் பெட்டியைக் கட்ட எவ்வளவு நேரம் என்று மனசு ஓடியது. "இதையே எடுத்துக்குங்க," என்றாள், சாம்பல் பெட்டியைக் காட்டி. குரல் நடுங்கவில்லை என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது. "நல்லா இருக்குது. இனிமே வீட்ல ஒரு சத்தமும் இருக்காதுங்க." நந்தகோபால் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குத் திருப்திதான். "இப்பவாச்சும் புரிஞ்சுதே," என்றார். "பாப்பா ஸ்கூல் விடற நேரம். நான் போய்க் கூட்டிக்கிட்டு வர்றனுங்க. நீங்க எல்லா ஒயரையும் சரியாப் பாத்து வாங்கிட்டு வாங்க," என்றாள். ஒயர் என்றதும் அவர் பாய் பக்கம் திரும்பிவிட்டார். ஒயர் விஷயத்தில் அவரை யாரும் அவசரப்படுத்த முடியாது. பாய் மட்டும் ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, வேண்டுமென்றே செய்வதுபோல, இருக்கிற ஒயர்க் கட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்பினார்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்புவதாக இல்லை. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், கண்டக்டர் பொள்ளாச்சி உடுமலை, பொள்ளாச்சி உடுமலை என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், அப்படிக் கத்தினால் அந்தத் தொண்டை என்னத்துக்கு ஆகும் என்று அவளுக்குத் தோன்றியது, பழக்கதோஷம். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை ஆட்டோவில் நேரே இங்கே கூட்டிவந்திருந்தாள். அக்காவுக்குப் போன் போடவில்லை. போட்டால் வந்தர்றேன் என்றுதான் வாயில் வரும், அதைச் சொல்லிவிட்டால் மறுபடி இறங்கிவிடுவோமோ என்று பயம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சட்டை போட்ட ஒவ்வொரு ஆளும் அவராக இருந்தார். மடியில் பையும் பையின்மேல் பிள்ளையுமாக உட்கார்ந்திருந்தாள். தன்யஸ்ரீ கேட்டாள், ரகசியமாக, வீட்டில் கேட்பதுபோல. "அம்மா, அப்பா மிக்ஸர் வாங்கிட்டாரா?" "வாங்கியிருப்பாரு." "அது நல்லாக் கேக்குமா?" "நல்லாக் கேக்கும்." பிள்ளை யோசித்தாள். அப்போது பையில் போன் அதிர்ந்தது. எடுக்காமலே யார் என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது, அது நின்று மறுபடி அதிர்ந்தது. அதிர்ச்சியில் அவள் பிள்ளையை இறுக்கினாளோ, புகைதான் உள்ளே வந்ததோ, தன்யஸ்ரீயின் மார்பு கைக்கடியில் துடித்தது. கன்னம் உப்பியது, கண்ணில் தண்ணீர் தளும்பியது, உதடு மட்டும் அசைந்தது. கோகிலவாணியின் கை தானாக எழுந்து பிள்ளையின் வாய்ப் பக்கம் போனது. பாதி வழியில் அதைப் பார்த்தாள். பார்த்து, கீழே இறக்கி, பிள்ளையின் முதுகில் வைத்தாள். போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"இருமு கண்ணு," என்றாள். "நல்லாச் சத்தமா இருமு."